ஐந்து கூடை மண்

டிசம்பர் 1, வெள்ளி. ரயிலில்.

மதுரையிலிருந்து புறப்பட்டு நான்கு மணி நேரம் ஆகிறது. முப்பத்தாறு பயணிகள். அவர்களில் முப்பத்தொரு பேர் இதுவரை என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "காபி எப்பம்மா வரும்?" மற்ற ஐந்து பேர் தூங்குகிறார்கள்.

'ராஜஸ்தான் பாலைவனச் சுற்றுலா, பத்து நாள், வீட்டுச் சுவையில் தென்னிந்தியச் சாப்பாடு' என்று எங்கள் நிறுவன நோட்டீஸில் அச்சிட்டிருக்கிறார்கள். சாப்பாடு பெரிய எழுத்தில் இருக்கிறது. பாலைவனத்தைக் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். அரிசி மூட்டை, புளி, மிளகாய் வற்றல், மூன்று டின் நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு கிரைண்டர் எல்லாம் எங்களுடன் வருகின்றன. இரண்டாயிரம் கிலோமீட்டர் போய் இட்லி தின்பதற்கு இவ்வளவு ஏற்பாடு.

என் வேலை தலை எண்ணுவது, மாத்திரை கொடுப்பது, காலையில் கதவு தட்டுவது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் இந்த டிசம்பரோடு முடிகிறது. மேனேஜர் நீலமேகம் சார் மதுரை பிளாட்பாரத்திலேயே சொல்லிவிட்டார்: "இந்த டூர்ல ஒன்னப் பத்தி நல்ல ரிப்போர்ட் எழுதுனேன்னா தை மாசத்துல இருந்து தனி டூர், மைக் ஒன் கையில. இல்லன்னா டிசம்பரோட சரி. வாயத் தெறக்கணும்மா. கைடு வாயத் தெறக்கலன்னா கிளி ஜோசியக்காரன் கிளி இல்லாம உக்காந்த மாதிரி."

கோட்டைகள், கைவிடப்பட்ட ஊர்கள், மணல் மேடுகள், குளங்கள் பற்றி நாற்பது பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லுவேனா என்று தெரியவில்லை. நான்கு பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பேசக் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதும்போது மட்டும் வாய் வந்துவிடுகிறது.

சமையல்காரர் பெயர் சீனிச்சாமி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இட்லிப் பொட்டலம் கொடுக்க வந்தவர் அருகில் நின்றுகொண்டார்.

"பாப்பா எந்த ஊரு?"

"மதுரை."

"மதுரையா? பேச்சுல சாத்தூர் வாட அடிக்கே."

எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போய், எண்ணிய தலைகளையே இன்னொரு முறை எண்ணினேன்.

டிசம்பர் 3, ஞாயிறு. ஜோத்பூர்.

முப்பத்தாறு தலை, அறுபத்தெட்டுப் பெட்டி, ஒரு கிரைண்டர். இறக்கியாயிற்று.

டிசம்பர் 4, திங்கள். ஜெய்சல்மேர்.

கோட்டையைப் பார்த்தோம். அதாவது நான் பார்த்தேன். மற்றவர்கள் அதன் முன்னால் நின்று தங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

காலை வெயிலில் அந்த மஞ்சள் கல், அடுப்பில் இளஞ்சூட்டில் வறுத்த பாசிப்பருப்பு மாதிரி இருந்தது. உள்ளே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். எட்டு நூற்றாண்டுக்கு மேல் பழைய சுவரில் ஒருத்தி மிளகாய் காயப்போட்டிருந்தாள். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

நீலமேகம் சார் மைக்கில், "இந்தக் கோட்டைய அக்பர் சக்கரவர்த்தி ஜோதாபாய் வெயில்ல கறுத்துரக் கூடாதுன்னு கட்டுனாரு" என்றார். கட்டியது ராவல் ஜைசல், ஆண்டு 1156. அக்பர் பிறக்க இன்னும் கிட்டத்தட்ட நானூறு வருடம் இருக்கிறது. என் குறிப்பில் இரண்டாம் பக்கத்தில் உள்ளது. குறிப்பு என் பையில் இருந்தது. பை என் தோளில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தாறு பேரும் தலையாட்டினார்கள். இவர்களுக்கு அக்பரே போதும்.

தென்காசிக்காரர் குற்றாலலிங்கம் ஐயா, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கோட்டை வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்: "என்ன கோட்டை இது, உள்ள துணி காயுது! எங்க குத்தாலத்துல..." அவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அடுத்த சொல் அதுதான். பாலைவனத்தைப் பார்த்துக் குற்றாலத்தை நினைக்கிறவரை என்ன செய்வது?

பஸ் டிரைவர் ஹுகம் சிங் இந்த ஊர்க்காரர். பெரிய மீசை, சிறிய குரல். அவரிடம் மட்டும் எனக்கு இந்தியில் பேச வந்தது. ஒற்றை ஆளிடம், அதுவும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் பேசுவது எளிது. "எங்கே கற்றாய்? பிகார்க்காரி மாதிரிப் பேசுகிறாய்" என்று சிரித்தார்.

அலுவலகத்தில், இந்திப் பிரசார சபாவில் படித்ததாகச் சொல்லியிருக்கிறேன். இராஜபாளையம் நூல் மில் விடுதியில் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சுனைனா பிகார்க்காரி. அந்தச் சம்பளத்தில்தான் கல்லூரியில் சேர்ந்தேன். அம்மா என்ன செய்கிறார் என்று அலுவலகத்தில் கேட்டபோது, "கேட்டரிங் லைன்ல இருக்காங்க" என்றேன். அது பொய் இல்லை.

டிசம்பர் 5, செவ்வாய்.

ஹவேலிகளை, நுணுக்கமாகச் செதுக்கிய பழைய வணிகர் மாளிகைகளை, பார்த்தோம். இன்றைய விவாதம்: நேற்றைய காபியில் டிகாக்‌ஷன் குறைவா, பால் அதிகமா?

டிசம்பர் 6, புதன். ஆகல் கல்மரப் பூங்கா.

பதினெட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே காடு இருந்திருக்கிறது. மரங்கள் விழுந்து, புதைந்து, கல்லாகிக் கிடக்கின்றன. சுற்றிலும் புல் கூட ஒழுங்காக முளைக்காத பொட்டல். இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் ஒரு முழு மரம், கணுக்களோடும் பட்டை வரிகளோடும் கல்லாகப் படுத்திருக்கிறது. குனிந்து பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது.

"எங்க குத்தாலத்துல வெள்ளம் வந்தா இதவிடப் பெரிய மரமெல்லாம் அடிச்சுக்கிட்டு வரும்" என்றார் ஐயா.

தெய்வானை டீச்சர் ஒரு சிறு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பூஜை அறைக்காம். எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது, ஆங்கிலத்திலும். டீச்சர் முப்பத்து மூன்று வருடம் ஆங்கிலம் நடத்தியவர். எந்தக் கோவில் கோபுரத்தைக் கண்டாலும் பஸ்ஸுக்குள்ளேயே எழுந்து நின்று கும்பிடுவார், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். அந்தக் கல் பதினெட்டுக் கோடி வருடம் பொறுத்திருந்தது டீச்சரின் சீப்புக்கும் தைலப் புட்டிக்கும் நடுவில் போய்ச் சேருவதற்கு. நான் பார்த்தேன். நான் பார்த்ததை டீச்சரும் பார்த்தார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியம் தயிர்ச்சாதம். சீனிச்சாமி எனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, தப்பா நெனச்சுக்கிடாத. சாத்தூர்ல கல்யாண மண்டபத்துக்கு நான் சமையலுக்குப் போவேன்ல, அங்க பாத்திரம் கழுவ மாடத்தின்னு ஒரு அம்மா வரும். பன்னெண்டு வருசமா எங்கூடத்தான். அண்டாவுக்குள்ள எறங்கி நின்னு தேய்க்கும். அது மக காலேசுல படிக்குன்னு சொல்லிக்கிட்டே கெடக்கும். ஒரு தடவ போட்டோ கூடக் காட்டுச்சு. ஒன்னய மாதிரியே..."

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

"அப்ப வேற யாராவது இருக்கும்."

"ஆமா."

எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. பேசும்போது தோளில் துண்டை மாற்றி மாற்றிப் போடுகிறார். எல்லாரையும் உறவு வைத்துக் கூப்பிடுகிறார். யார் யாருடைய மகள் என்பதைத் தவிர இவர்களுக்கு உலகத்தில் தெரிந்துகொள்ள ஒன்றுமே கிடையாது. நாளை அவர் அதே வாயால் நீலமேகம் சாரிடம் சொல்லலாம். சார் டீச்சரிடம் சொல்லலாம். பிறகு நான் மைக் பிடித்து 1156 என்றால் யார் காதில் ஏறும்?

அம்மாவுக்கு இன்று போன் செய்யவில்லை. சிக்னல் சரியில்லை.

டிசம்பர் 7, வியாழன். மணல் மேட்டுக் கூடாரம்.

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் குல்தரா போனோம். இருநூறு வருடத்துக்கு முன் ஒரு ஊரே கிளம்பிப் போய்விட்ட இடம். கூரையில்லாத வீடுகள், நேரான தெருக்கள். ஒரே ராத்திரியில் போய்விட்டார்கள் என்பது கதை. தண்ணீர் வற்றியதால் மெல்ல மெல்லப் போனார்கள் என்றும் சொல்கிறார்கள். நீலமேகம் சார் பேய்க்கதை சொன்னார். எல்லாருக்கும் திருப்தி.

அங்கிருந்து கூடாரத்துக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். ஊருக்கு வெளியே ஒரு குளம், ஒரு பக்கம் கல் படிகள், கரையில் பெரிய வன்னி மரம், மரத்தடியில் குங்குமம் பூசிய ஒரு நடுகல். மர நிழலில் மதியச் சாப்பாடு என்று முடிவு. பஸ்ஸை நிறுத்துவதற்கு முன்பே ஹுகம் சிங் என்னிடம் சொன்னார்: "கரையில் சாப்பிடட்டும், தடை இல்லை. ஆனால் செருப்போடு படியில் இறங்கக் கூடாது. தண்ணீரில் கை கால் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பிடித்த தண்ணீர், அடுத்த மழைவரை இந்த ஊர் குடிக்கிற தண்ணீர். உன் ஆட்களிடம் நன்றாகச் சொல்."

எனக்கு அது முன்பே தெரியும். என் குறிப்பில் முப்பத்தொன்றாம் பக்கம்: இந்தப் பக்கத்துக் குளங்களில் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. முதல்முறை வருகிறவர் குளத்தின் வறண்ட ஓரத்திலிருந்து ஐந்து கூடை மண் அள்ளிக் கரையில் போட்டுவிட்டுப் போவது வழக்கம். சிவப்பு மையால் அடிக்கோடு கூடப் போட்டிருந்தேன்.

சாரிடம் சொன்னேன். போனில் பேசிக்கொண்டிருந்தவர், "நீயே சொல்லும்மா" என்று மைக்கை என் கையில் வைத்தார்.

ஆறு மாதமாக அதற்காகத்தான் காத்திருந்தேன். மைக் கனமாக இருந்தது. நுனியில் சாரின் வெற்றிலை வாடை. "ஐயா, அம்மா, எல்லாருக்கும் ஒரு..." என்றேன்.

"சத்தமாச் சொல்லும்மா! கொசு பாடுற மாதிரி இருக்கு" என்றார் குற்றாலலிங்கம் ஐயா. பஸ் சிரித்தது. எழுபத்திரண்டு கண்கள்.

"எறங்கலாம்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டேன்.

இவர்களிடம் சொன்னாலும் கேட்கப் போவதில்லை என்று அப்போது நினைத்தேன். அக்பரை நம்புகிறவர்கள். பலகை போட்டிருந்தாலும் கல்லைத் திருடுகிறவர்கள். படட்டும், பார்க்கட்டும் என்று நினைத்தேன். ஆம், அதையும் எழுத வேண்டும். நினைத்தேன்.

தெய்வானை டீச்சர் முதலில் இறங்கினார். படிக்கட்டையும் வன்னி மரத்தையும் நடுகல்லையும் பார்த்தார். அவருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. "தல விருட்சம்! தீர்த்தம்! சாமியும் இருக்கு! ஏன் முன்னாடியே சொல்லல?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்துவிட்டு, விறுவிறுவென்று இறங்கினார். முழங்கால்வரை தண்ணீரில் நின்றார். மூன்று முறை அள்ளித் தலையில் தெளித்தார். பிறகு வாய் கொப்பளித்தார். பின்னால் இருபது பேர். நம் ஊரில் படி இருந்தால் கால் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். யாரும் யாரையும் கேட்பதில்லை. குற்றாலலிங்கம் ஐயா செருப்போடு நின்று முகம் கழுவினார். "என்ன தண்ணி, ஓட்டமே இல்ல! எங்க குத்தாலத்துல..." ஒருவர் மஞ்சள் பொடி தூவினார். ஒருவர் பொரி போட்டார், மீனுக்கு. மீன் இல்லை.

சீனிச்சாமி சாம்பார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பாப்பா, வண்டில தண்ணி கொறைவா இருக்கு. இதுல கழுவிக்கிடலாமா? ஒனக்குத்தான் இவுக பாஷ தெரியும். ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு."

முப்பத்தாறு பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி. பக்கத்தில் டீச்சர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அண்டாவைப் பார்த்ததும் சீனிச்சாமி மறுபடி மாடத்தி கதையை ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பதறியது. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். ஆட்டியது 'சரி' என்றுதான்.

அவர் சோப்புப் போட்டுக் கழுவினார். நுரையும் சாம்பார் எண்ணெயும் மஞ்சளாகப் படியிலிருந்து நடுக்குளத்துக்குப் போயின.

அப்போதுதான் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவர் பெயர் கேசர்பாய் என்று பிறகு தெரிந்தது, ஐம்பது வயது இருக்கும், முழங்கைக்கு மேல்வரை வெள்ளை வளையல். அவர் கத்தவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். மற்றவர்கள்தான் கத்தினார்கள். ஊரிலிருந்து ஆண்கள் ஓடிவந்தார்கள். இருபது பேர் சடசடவென்று படியேறி, அண்டாவோடு நின்ற ஒருவரை மட்டும் அங்கே விட்டுவிட்டார்கள்.

"ஆடியில்தான் எங்களுக்கு மழை" என்பது கேசர்பாய் சொன்னதன் பொருள். "அதுவரை இதுதான். உங்கள் ஊரில் தண்ணீர் குடிக்க மாட்டீர்களா? இதில் கழுவலாம் என்று யார் சொன்னது?"

மொழிபெயர்க்க நான் ஒருத்திதான். தமிழில் திருப்பிச் சொன்னேன்.

நீலமேகம் சார் சீனிச்சாமியைப் பார்த்தார். சீனிச்சாமி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"யாரும் சொல்லல. நானாத்தான் கழுவுனேன்."

"சமையக்காரன் புத்தி எங்க போகும்! இந்த டூரோட ஒன் சீட்டக் கிழிக்கேன்" என்றார் சார். பயணிகள் எல்லாரும் ஒரே குரலில் சீனிச்சாமியைத் திட்டினார்கள். "வெவஸ்தையே இல்ல" என்றார் தெய்வானை டீச்சர், ஈரக் கொண்டையோடு.

கேசர்பாய் என்னைக் கேட்டார், அவர் என்ன சொன்னார் என்று. நான் சுனைனாவின் இந்தியில் சொன்னேன்: "சமையல்காரர் கேட்காமல் செய்துவிட்டார்."

சீனிச்சாமிக்கு இந்தி தெரியாது.

ஹுகம் சிங்குக்குத் தெரியும். அண்டாவோடு சீனிச்சாமி என்னிடம் வந்து நின்றதையும் நான் தலையாட்டியதையும் டிரைவர் இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 8, வெள்ளி. கூடாரம்.

மணல் மேடுகள். ஒட்டகச் சவாரி. இரவெல்லாம் காற்று கோடு போட்டு வைத்த மணலில் காலை ஆறு மணிக்கு ஒரு வண்டு மட்டும் நடந்து போயிருந்தது. அந்தச் சிறிய தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆறரைக்கு எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

இன்று பேச்சு முழுவதும் சீனிச்சாமியைப் பற்றித்தான், அவர் போட்ட பொங்கலைத் தின்றுகொண்டே. "படிப்பறிவு இல்லாததோட வெனை" என்றார் குற்றாலலிங்கம் ஐயா. அந்தக் குளத்தில் செருப்போடு நின்று முகம் கழுவியதை அவர் மறந்துவிட்டார். உண்மையாகவே மறந்துவிட்டார், நடிப்பில்லை. இவர்களை வெறுப்பதற்குக் கூட ஒரு தகுதி வேண்டும். அது இவர்களிடம் இல்லை.

சார் என்னைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் காட்டினார். 'நெருக்கடி நேரத்தில் உள்ளூர் மக்களிடம் இந்தியில் சாமர்த்தியமாகப் பேசி நிலைமையைச் சமாளித்தார்' என்று எழுதியிருக்கிறார். "தை மாசம் மைக் ஒனக்குத்தான். நேத்து நல்லாப் பேசுனம்மா" என்றார்.

ஹுகம் சிங் இன்று என்னோடு பேசவில்லை. தண்ணீர் பாட்டில் கேட்டேன். எடுத்துக்கொள் என்று முகவாயால் காட்டினார். அவருக்கு மீசை அவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் சீனிச்சாமி காபி கொண்டுவந்தார். சீனி குறைவாக, எனக்குப் பிடிக்கிற மாதிரி. நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"பாப்பா, அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத. எனக்கு இது போனா நாலு கல்யாண மண்டபம் இருக்கு. ஒனக்கு இது ஒண்ணுதான."

"நீங்க எங்கிட்டக் கேட்டீங்கள்ல" என்றேன்.

"கேட்டேன். நீ என்ன நெனப்புல தலைய ஆட்டுனியோ. காத்துல ஆடிருக்கும்" என்று சிரித்தார். "ஊருல போயி ஒண்ணும் சொல்ல மாட்டேன். மாடத்திக்கிட்டக் கூட."

மாடத்தியின் மகள் வேறு யாரோ என்று அவர் நம்பிவிட்டதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேசர்பாயிடம் நான் இந்தியில் என்ன சொன்னேன் என்பது மட்டும்தான் தெரியாது.

காபி நன்றாக இருந்தது. குடித்து முடித்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.

டிசம்பர் 9, சனி. ஜோத்பூர் போகும் வழி.

திரும்பும் சாலையும் அதே சாலைதான். குல்தரா வருவதற்கு முன்பே வன்னி மரம் தெரிந்தது. மைக் சார் மடியில் இருந்தது. கேட்காமல் எடுத்தேன்.

"ஐயா, அம்மா" என்றேன். குரல் உடைந்தது. குற்றாலலிங்கம் ஐயா வாயைத் திறந்தார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க ஐயா" என்றேன். மைக்கில். பஸ் முழுக்கக் கேட்டது.

"அந்தக் கொளத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு டிரைவர் மொதல்லயே எங்கிட்டச் சொன்னாரு. ஒங்ககிட்டச் சொல்ல வேண்டியது நான். சொல்லல. பாத்திரம் கழுவலாமான்னு சமையல்காரர் எங்கிட்டக் கேட்டாரு. சரின்னு தலையாட்டுனது நான். நீங்கள்லாம் யாரையும் கேக்கவே இல்ல. கேட்டது அவரு ஒருத்தர்தான்."

மேலும் இரண்டு வாக்கியம் வைத்திருந்தேன், நன்றாக இருந்தன. வரவில்லை.

சார் மைக்கைப் பிடுங்கினார். "கிறுக்கு பிடிச்சிருச்சா ஒனக்கு?"

நான் ஹுகம் சிங்கிடம் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். சார் கத்தினார். ஹுகம் சிங்குக்குத் தமிழ் தெரியாது.

குளத்து நடுவில் எண்ணெய் இன்னும் மினுங்கியது. கேசர்பாய் படியில் உட்கார்ந்து, தண்ணீரைச் சல்லடைத் துணியில் வடித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். டேங்கர் நான்கு நாள் கழித்துத்தான் வருமாம். சொன்னேன்: "சமையல்காரர் கேட்டுவிட்டுத்தான் கழுவினார். சரி என்றது நான். உங்களிடம் பொய் சொன்னேன்."

அவர் அந்தக் குடம் நிரம்பும்வரை வடித்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பதாகச் சொல்லவில்லை. பிறகு எழுந்துபோய் வன்னி மரத்தில் மாட்டியிருந்த கூடையை எடுத்து என் முன்னால் போட்டார். "ஐந்து" என்றார்.

முப்பத்தொன்றாம் பக்கம்.

வறண்ட ஓரத்து மண் காய்ந்து பாளமாக வெடித்திருந்தது. கையால் பெயர்த்துக் கூடையில் போட்டு, இடுப்பில் வைத்துக் கரைக்கு ஏறினேன். இரண்டாவது கூடைக்கு இறங்கும்போது சீனிச்சாமி செருப்பைக் கரையில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"சட்டி கழுவுனது நானு. எனக்கும் ஒரு அஞ்சு கேளு பாப்பா."

கேட்டேன். கேசர்பாய் இன்னொரு கூடை கொடுத்தார். சீனிச்சாமி அன்று சோப்புப் போட்ட கையால் மண்ணை அள்ளிய வேகத்தில் நான் மூன்று முடிப்பதற்குள் ஐந்தை முடித்துவிட்டார். ஹுகம் சிங்கும் ஒரு கூடை போட்டார். ஊர்க்காரர், அவர் போட வேண்டியதில்லை. போகும்போது என்னிடம், "இடுப்பில் வைக்காதே, தலையில் வை. பாதி சிந்துகிறது" என்றார். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

பஸ் ஜன்னல்களில் முப்பத்தாறு முகங்கள். இறங்க யாரும் இல்லை. சிலர் போனில் படம் எடுத்தார்கள். 'கிராமிய அனுபவம்' என்று போடுவார்களாயிருக்கும்.

நான் ஏறியதும் சார் ரிப்போர்ட்டை என் கண்ணெதிரே நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "டிசம்பரோட சரி" என்றார். "அவனுந்தான்."

அப்போது குற்றாலலிங்கம் ஐயா பின்னாலிருந்து கேட்டார்: "சமையக்காரன அனுப்பிட்டா நாளைக்கி ரயிலுக்கு இட்லி யாரு கட்டித் தருவா?"

பஸ் முழுவதும் கவலை பரவியது. பத்து நிமிடம் விவாதித்தார்கள். முடிவில் சீனிச்சாமி ஏழை, பாவம், தெரியாமல் செய்தார், தை டூருக்கும் அவரே வர வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. சார் தலையாட்டினார். நான் பேசிய உண்மை அவருக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. இட்லி செய்தது.

டிசம்பர் 10, ஞாயிறு. ரயிலில்.

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். பேனா பிடிக்க வலிக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். ஏதோ மண்டபத்தில் இருந்தார், பின்னால் பாத்திரச் சத்தம். "வேல போச்சும்மா" என்றேன். "சாப்டியா?" என்றார். "சீனிச்சாமி மாமா சமையல்" என்றேன். பாத்திரச் சத்தம் தள்ளிப் போனது. "எந்தச் சீனிச்சாமி?" என்றார் பிறகு, மெதுவாக. "ஒங்கூட வேல பாக்குறவருதான்" என்றேன்.

மதியம் தெய்வானை டீச்சர் எதிர் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். நேற்றிலிருந்தே ஏதோ கேட்க நினைத்துக்கொண்டிருந்த முகம்.

"ஏம்மா, அந்தச் சமையக்காரருக்காக நீ ஏன் அப்படிப் பரிஞ்சு பேசின? உறவா?"

"இல்ல டீச்சர். எங்கம்மா அவரு கூட மண்டபத்துல பாத்திரம் கழுவுறாங்க. சாத்தூர்ல. மாடத்தின்னு பேரு."

சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து இருக்கைகளும் திரும்பின. தொண்டை அடைக்கவில்லை.

"அப்படியா" என்றார் டீச்சர். எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைத்தட்டில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகிப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, ஆகலில் எடுத்த கல்லை ஓரமாகத் தள்ளி, பாட்டிலை உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.

எனக்குத் தாகமாக இருந்தது. எழுந்துபோய்ச் சீனிச்சாமி மாமாவிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.